வளையும் குழாய், உடையும் குழாய்: பறக்கக் கற்றுத்தருபவர்கள் கார்பன் பட்டறைக்குள் போவது ஏன்?

ஆள் கீழே தொங்கியபடி பறக்கும், இயந்திரமில்லாத இறக்கையான ஹேங் கிளைடர் ஒன்றைப் பிரித்துப் போட்டால் கொஞ்சம் துணியும் கொஞ்சம் கம்பியும் நிறையக் குழாய்களும் மிஞ்சும். இறக்கையின் முன்விளிம்பில் இரண்டு நீளக் குழாய்கள். மூக்கிலிருந்து வால் வரை ஓடும் நடுக்குழாய் ஒன்று. முன்விளிம்புகள் உள்ளே மடங்கிவிடாமல் விரித்துப் பிடிக்கும் குறுக்குக் குழாய். கீழே, பறப்பவர் கையில் பிடித்திருக்கும் முக்கோணச் சட்டம். அதுவும் மூன்று குழாய்கள்தான். பறந்துகொண்டிருக்கும்போது குறுக்குக் குழாய் போனால் இறக்கை மடங்கும். அப்புறம் பாராசூட்தான் கதி.

இந்தக் குழாய்களை வடிவமைப்பவர் கணினியில் பார்க்கிறார். செய்பவர் பட்டறையில் பார்க்கிறார். அவை வளைவதையும் நசுங்குவதையும் முறிவதையும் வாராவாரம் நேரில் பார்ப்பவர் பறக்கக் கற்றுத்தரும் ஆசிரியர். ஒரு பறத்தல் பயிற்சியாளர் காம்போசிட் குழாய் (கார்பன் போன்ற இழையைப் பசையில் பதித்துக் கெட்டியாக்கிய குழாய்) செய்யப் புதிய முறை ஒன்றைக் கண்டுபிடிக்கிறார் என்று கேள்விப்பட்டால், இரண்டும் சம்பந்தமில்லாத வேலைகள் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தக் குழாய் எந்த இடத்தில் எப்படித் தோற்க வேண்டும் என்பதை அறிந்தவர்தான் அதை எப்படிச் செய்ய வேண்டும் என்றும் சரியாகக் கேட்க முடியும்.

இந்தத் துறையில் கற்றுத்தருபவரும் பட்டறைக்காரரும் ஒரே ஆளாக இருப்பது தொடக்கத்திலிருந்தே உள்ள வழக்கம். 1890களில் ஜெர்மனியில் குன்றுகளிலிருந்து பறந்து காட்டிய ஓட்டோ லிலியென்தால் பிழைப்புக்கு நடத்தியது ஒரு இயந்திரத் தொழிற்சாலை. அங்கே அவர் தயாரித்த முக்கியமான பொருள், அவரே கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்ற சுருள்குழாய்க் கொதிகலன். தன் கிளைடர்களையும் அதே தொழிற்சாலையில் செய்து விற்றார். ரைட் சகோதரர்களில் வில்பர் 1909இல் பிரான்சின் போ நகரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஆர்வில் 1910இல் அலபாமாவின் மான்ட்கோமரியில் பயிற்சிப் பள்ளி நடத்தினார். ஆஸ்திரேலியாவின் கிராஃப்டன் ஊரில் 1963இல் ஜான் டிக்கென்சன் ஒரு நீர்ச்சறுக்குக் காட்சிக்காக இறக்கை ஒன்றைச் செய்தார். துணிக்குப் பதிலாக அவர் போட்டது வாழைத்தார்களை மூடும் பிளாஸ்டிக் தாள். இன்றைய ஹேங் கிளைடரின் முக்கோணச் சட்டம் அந்த இறக்கையிலிருந்து வந்ததுதான்.

பயிற்சி மேட்டில் அந்தச் சட்டத்துக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மாணவர் கிளைடரைத் தோளில் தாங்கிச் சரிவில் ஓடுகிறார். கால் தரையை விடுகிறது. சில நொடி தாழப் பறந்து இறங்கும்போது, வேகம் குறைந்துவரும் ஒரு சரியான கணத்தில் சட்டத்தை முன்னோக்கி முழுசாகத் தள்ள வேண்டும். அப்போது இறக்கை நிமிர்ந்து பிரேக் போட்டது மாதிரி நிற்கும், கால் மெல்லத் தரையைத் தொடும். சீக்கிரம் தள்ளினால் கிளைடர் மேலே எழும்பித் தொப்பென்று விழும். தாமதித்தால் அடிக்குழாய் தரையில் மாட்டி, மூக்கு குத்திக்கொள்ளும். பழகாத மாணவர் அந்த நேரத்தில் கையை விடுவதில்லை, இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். உடம்பு முன்னே போகிறது, கை குழாயோடு சிக்கி நிற்கிறது. மேல்கை எலும்பு முறிவு இந்த விளையாட்டில் பேர்பெற்ற காயமாக இருப்பது இதனால்தான்.

இங்கேதான் முக்கோணச் சட்டத்தின் இரண்டு பக்கக் குழாய்களின் பங்கு வருகிறது. அவை அலுமினியம். மோதலில் முதலில் வளைவது அவைதான். வளையும்போது மோதலின் ஆற்றலைத் தாங்களே வாங்கிக்கொள்கின்றன. கை தப்பிக்கிறது, இறக்கை தப்பிக்கிறது, குழாய் குப்பைக்குப் போகிறது. பயிற்சிப் பள்ளிகளில் மாற்றுக் குழாய்களைக் கட்டாக வாங்கி வைத்திருப்பார்கள். வளைந்ததை முழங்காலில் வைத்து நிமிர்த்தித் திரும்ப மாட்டுவது கூடாது. ஒருமுறை வளைந்து நிமிர்ந்த குழாய் பார்க்க நேராக இருந்தாலும் அதன் பழைய வலிமை திரும்பி வராது. அடுத்த முறை எப்போது, எவ்வளவு பாரத்தில் மடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதே இடத்தில் கார்பன் குழாய் இருந்தால் கதை வேறு. கார்பன் இழை முறிகிற வரை நேராகத் தாங்கும். வளைந்து எச்சரிக்கும் பழக்கம் அதற்கு இல்லை. எல்லை தாண்டியதும் சட்டென்று உடையும், உடைந்த முனையில் ஊசி போன்ற சிம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அது மாணவரின் மார்புக்கு நேரே இருக்கிற இடம். ஆகவே பயிற்சிக் கிளைடரின் பக்கக் குழாயைக் கார்பனில் செய்து, எடையைக் குறைத்துவிட்டோம் என்று சொல்பவரிடம் எந்த அனுபவமுள்ள ஆசிரியரும் வேண்டாம் என்றுதான் சொல்வார். பொருள் அறிவியல் படித்தவருக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு இது வரைபடத்தில் உள்ள ஒரு கோடு. மேட்டில் நிற்பவருக்கு இது ஒரு மாணவரின் கை.

சரி, அப்படியானால் கார்பன் எங்கே வேண்டும்? குறுக்குக் குழாயில். பழைய கிளைடர்களில் இறக்கைக்கு மேலே ஒரு சிறு கம்பமும் அதிலிருந்து நாற்புறமும் இறங்கும் கம்பிகளும் இருந்தன. காற்று மேலிருந்து அழுத்தும் நேரத்தில் இறக்கையைத் தாங்குவது அந்தக் கம்பிகள்தான். ஆனால் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கம்பியும் வேகத்தைத் தின்னும். 1990களின் நடுவில் பிரான்சின் லா மூவெட் உள்ளிட்ட நிறுவனங்கள் மேல்கம்பத்தையும் கம்பிகளையும் எடுத்தே விட்டன. அதுவரை முக்கியமாக அமுக்கத்தை மட்டும் தாங்கிவந்த குறுக்குக் குழாய், இப்போது வளைவையும் தாங்க வேண்டியதாயிற்று. அலுமினியத்தில் அதைச் செய்தால் எடை கூடிப்போகும். போட்டிக் கிளைடர்களில் கார்பன் குறுக்குக் குழாய் பரவலானதற்கு இதுவே காரணம்.

எடைக் கணக்கு எளிது. அலுமினியக் கலவை ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.8 கிராம், கார்பன் இழையும் அதைப் பிடித்துவைக்கும் பசையான எபாக்சி ரெசினும் சேர்ந்தது சுமார் 1.6 கிராம். விறைப்பில் அலுமினியம் 70 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு) அளவில் நிற்கிறது. இழைகள் எல்லாம் ஒரே திசையில் ஓடும் சாதாரணக் கார்பன் காம்போசிட் அந்தத் திசையில் 130ஐத் தாண்டும். ஆனால் ‘அந்தத் திசையில்’ என்பதைக் கவனிக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் தாங்குவது ரெசின் மட்டும்தான். அங்கே விறைப்பு பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. உலோகக் குழாயில் ‘எவ்வளவு தடிமன்’ என்று கேட்டால் போதும். காம்போசிட் குழாயில் ஒவ்வொரு அடுக்கும் எந்தத் திசையில் ஓடுகிறது, அது உண்மையிலேயே நேராக ஓடுகிறதா என்றும் கேட்க வேண்டும்.

குழாயின் வடிவத்திலேயே ஒரு இழுபறி இருக்கிறது. அதே அளவு பொருளை எடுத்துக்கொண்டு விட்டத்தை இரண்டு மடங்காக்கினால், சுவரின் தடிமன் பாதியாகும். வளைவை எதிர்க்கும் விறைப்பு நான்கு மடங்காகும். அப்படியென்றால் பெரிதாக்கிக்கொண்டே போகலாமே? முடியாது. அதே மாற்றத்தில், சுவர் உள்ளே நசுங்காமல் தாங்கும் அழுத்தம் கால்வாசியாகக் குறைந்துவிடும். குளிர்பான ஸ்ட்ராவை வளைத்தால் முதலில் வட்டம் தட்டையாகி, அப்புறம் ஒரே இடத்தில் மடங்குகிறதல்லவா, அதுதான் இங்கும் நடக்கும். பிரேசியர் என்ற பொறியாளர் 1927இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். விளைவுக்கு அவர் பெயரே நிலைத்தது. மூங்கில் இந்தச் சிக்கலைக் கணுக்களால் தீர்த்துக்கொள்கிறது. உள்ளே தடுப்பு இருப்பதால் வட்டம் தட்டையாக முடியாது. நார்களும் வெளிச்சுவர் பக்கம்தான் அடர்ந்திருக்கும். பிரேசில்காரரான சான்டோஸ்-டுமான்ட் பாரிசில் தன் ‘டெமாசெல்’ விமானத்தின் உடலுக்கு மூங்கிலை எடுத்துக்கொண்டது சும்மா இல்லை.

கார்பன் குழாயில் கணு கிடையாது. அதற்குப் பதிலாக இழைத் திசைகளை வைத்துச் சமாளிக்கிறார்கள். நீளவாக்கில் ஓடும் இழைகள் வளைவைத் தாங்கும். 45 டிகிரியில் இருபுறமும் சாய்ந்தவை முறுக்கத்தைத் தாங்கும். சுற்றுவாக்கில் ஓடுபவை குழாய் தட்டையாகாமல் காக்கும். எதற்கு எத்தனை அடுக்கு என்பது வடிவமைப்பாளர் வேலை. அவர் தாளில் எழுதிய திசையில் இழையைப் படுக்கவைத்து, சூடேற்றிக் கெட்டியாகும்வரை அசையாமல் வைத்திருப்பதுதான் செய்முறை. கண்டுபிடிப்புகள் எல்லாம் இந்த இரண்டாவதில்தான் குவிந்து கிடக்கின்றன.

மலிவான வழி, இழைகளை ரெசினில் தோய்த்துச் சூடான அச்சு வழியாக இழுப்பது. 1950களில் அமெரிக்காவில் பிராண்ட் கோல்ட்ஸ்வொர்தி போன்றவர்கள் வளர்த்த முறை இது. பட்டத்துக்கும் கூடாரத்துக்கும் வரும் குச்சிகளில் பெரும்பாலானவை இப்படி வருபவைதான். கிலோமீட்டர் கணக்கில் ஒரே மாதிரி செய்யலாம். குறை என்னவென்றால், வெறும் நீளவாக்கு இழைகளை மட்டும் வைத்து இழுத்த குழாய் நுனியில் அடிபட்டால் நெடுக்காகப் பிளந்துகொள்ளும்.

இன்னொன்று, சுழலும் தண்டின்மேல் நூல் சுற்றுவதுபோல இழையைச் சுற்றிக்கொண்டே போவது. அழுத்தத்தைத் தாங்கும் உருளைகளுக்கு இது அருமையான முறை. உருளைக்குள் அழுத்தம் இருந்தால் சுற்றுவாக்கில் வரும் தகைவு (சுவருக்குள் எழும் இழுவிசை) நீளவாக்கில் வருவதைப் போல இரண்டு மடங்கு. இழையை ஏறத்தாழ 55 டிகிரியில் சுற்றினால் இரண்டையும் ஒரே இழையே சரிக்கட்டிவிடும். அப்துல் கலாம் தலைமையில் உருவாகி 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்ட எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் மேல் இரண்டு கட்டங்களின் மோட்டார் உறைகள் இழை காம்போசிட்டால் ஆனவை. விமானப்படை விமானியாக விரும்பி, டேராடூன் தேர்வில் நூலிழையில் வாய்ப்பைத் தவறவிட்டவர் கலாம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஆனால் கிளைடர் குழாய்க்கு இந்தச் சுற்றும் முறை அவ்வளவாகப் பொருந்தாது. இங்கே பெரும்பாலான இழைகள் நீளவாக்கில் படுக்க வேண்டும். சுற்றும் இயந்திரத்துக்கு அந்தத் திசைதான் கஷ்டம், நுனிகளில் இழை வழுக்கிக்கொண்டு போகும்.

அதனால் பல சிறு பட்டறைகள் நம்பியிருப்பது சுருட்டும் முறையை. மீன்பிடி தூண்டில் கம்பும் கோல்ஃப் மட்டைத் தண்டும் செய்யும் முறையும் இதுதான். ரெசின் ஏற்கெனவே ஏற்றப்பட்ட கார்பன் தாளைத் தேவையான கோணங்களில் வெட்டி, மாண்ட்ரல் எனப்படும் வழவழப்பான உலோகத் தண்டின்மேல் இறுக்கமாகச் சுருட்டுவார்கள். மேலே, சூடுபட்டால் சுருங்கும் பிளாஸ்டிக் நாடாவை நெருக்கமாகச் சுற்றி அடுப்பில் தொங்கவிடுவார்கள். நாடா சுருங்கி அடுக்குகளை அழுத்தும், காற்றையும் மிகுந்த ரெசினையும் பிதுக்கி வெளியேற்றும். ஆறியதும் தண்டை உருவிவிட்டால் குழாய் தயார்.

கேட்க எளிது. செய்யும்போது இரண்டு தொல்லைகள் வரும். அவற்றை நெருங்கிப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் குழாயின் வலிமை அங்கேதான் தீர்மானமாகிறது.

முதலாவது, நாடா அழுத்தும்போது சுவர் மெலிகிறது. வெளி ஆரம் 0.2 மில்லிமீட்டர் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவில் அது சுமார் 1.26 மில்லிமீட்டர் குறைவு. ஆனால் சுற்றுவாக்கில் படுத்திருக்கும் இழையின் நீளம் குறையவில்லை. கார்பன் இழை சுருங்கிக் கொடுக்காது. அந்த ஒன்றேகால் மில்லிமீட்டர் மிச்சம் எங்கேயாவது போயாக வேண்டும். அது சுவருக்குள் ஒரு சிறு மடிப்பாக விழும். அந்த மடிப்பு பக்கத்தில் உள்ள நீளவாக்கு இழைகளையும் மேடு பள்ளமாக்கிவிடும். இழுக்கும்போது இதனால் பெரிய நஷ்டம் இல்லை, இழை நிமிர்ந்துகொள்ளும். அமுக்கும்போதுதான் ஆபத்து. 5 முதல் 7 மைக்ரான் மட்டுமே தடிமனுள்ள இழை ஓரிரு டிகிரி சாய்ந்திருந்தாலே, அமுக்கத்தில் பக்கவாட்டில் மடங்கத் தொடங்கி, பக்கத்து இழைகளையும் கூட்டிக்கொண்டு சாயும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் பளபளவென்று இருக்கும். கணக்கில் இருந்த வலிமையில் கணிசமான பங்கு உள்ளே காணாமல் போயிருக்கும். குறுக்குக் குழாயின் வாழ்க்கையே அமுக்கத்தைத் தாங்குவதுதான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நாடா விட்டுச்செல்லும் வரிவரியான தழும்புகள் வேறு. அழகுக்காக அவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள், வெளி அடுக்கு இழைகளை அறுத்துக்கொண்டிருப்பதை மறந்துவிடுகிறார்கள். வெளி அடுக்குதான் வளைவில் அதிகம் உழைக்கும் அடுக்கு.

இரண்டாவது தொல்லை, தண்டை உருவுவது. நான்கு மீட்டர் நீளமுள்ள குழாய்க்குள் அதே நீளமுள்ள தண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழுக்கிற இழுப்பில் குழாயே பாழாகலாம். இங்கே இயற்பியல் கைகொடுக்கிறது. அலுமினியம் சூட்டில் நன்றாக விரியும், ஆறினால் நன்றாகச் சுருங்கும். கார்பன் இழை தன் நீளவாக்கில் ஏறத்தாழ அசைவதே இல்லை. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியத் தண்டு 120 டிகிரி அடுப்பிலிருந்து அறை வெப்பத்துக்கு வரும்போது விட்டத்தில் சுமார் 0.08 மில்லிமீட்டர் சுருங்கும்; நீளத்தில் நான்கு மீட்டருக்கு எட்டு மில்லிமீட்டர் சுருங்கும். இந்த நழுவலிலேயே தண்டு விட்டுக்கொடுத்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சுற்றுவாக்கிலோ சாய்வாகவோ போதிய இழைகள் இருந்தால்தான் இது பலிக்கும். நீளவாக்கு இழை மட்டும் உள்ள குழாய், குறுக்குத் திசையில் ரெசின் போலவே சுருங்கி அலுமினியத்தை இறுகக் கவ்விக்கொள்ளும். அப்படிப்பட்ட நேரத்தில் சிலர் தண்டை ரசாயனத்தில் கரைத்தே எடுத்துவிடுவார்கள், ஒரு தண்டுக்கு ஒரு குழாய் என்று. போட்டிக்கு ஒரே ஒரு விமானம் செய்பவருக்கு அது கட்டும், கடை வைத்து விற்பவருக்குக் கட்டாது.

இந்த இரண்டு தொல்லைகளையும் ஒரே அடியில் தாண்டப் பார்ப்பவர்கள் அழுத்தத்தின் திசையை மாற்றுகிறார்கள். வெளியே கெட்டியான அச்சு, உள்ளே ஊதப்படும் ரப்பர் பை. அடுக்குகள் உள்ளிருந்து வெளியே தள்ளப்படும்போது சுற்றளவு கூடுகிறது, சுற்றுவாக்கு இழைகள் மடிவதற்குப் பதிலாக விறைக்கின்றன. வெளிப்புறம் அச்சின் வழவழப்பை அப்படியே வாங்கிக்கொள்கிறது, தேய்க்க வேண்டியதில்லை. ஆறியதும் பையிலிருந்து காற்றை இறக்கி எடுத்துவிடலாம். டென்னிஸ் மட்டையும் கார்பன் சைக்கிள் சட்டமும் பெரும்பாலும் இந்த வழியில்தான் பிறக்கின்றன. நீளக் குழாய்க்கு அச்சு விலை அதிகம், ஒவ்வொரு அளவுக்கும் தனி அச்சு வேண்டும், பை நடுவில் ஓட்டையானால் எல்லாம் வீண். இழை அளவுக்கு மீறி விறைத்தால் அச்சைத் தொடாமல் பாலம் போல நின்றுவிடும் என்ற சிக்கலும் உண்டு. ஆனாலும் அமுக்கம் தாங்கும் குழாய்க்கு இதுவே நேர்மையான வழி என்று நான் நினைக்கிறேன். காம்போசிட் குழாய் பற்றிய காப்புரிமைகளைப் புரட்டினால், அழுத்தத்தை எந்தப் பக்கமிருந்து, எதைக் கொண்டு, எந்த நேரத்தில் கொடுப்பது என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். பைக்குப் பதில் சூட்டில் விரியும் ரப்பர் தண்டு, பின்னிய கார்பன் உறை, அச்சை மூடும் விதம் என்று விடைகள்தான் வேறுவேறு.

பறப்பவர்கள் இந்தப் பட்டறை வேலைக்குள் இறங்கி வரலாற்றையே நகர்த்திய இடங்கள் உண்டு. ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களில் ‘அகாஃபிளீக்’ என்ற மாணவர் பறத்தல் குழுக்கள் இருக்கின்றன. பட்டறையில் உழைத்துக்கொண்டே பறப்பது அங்கே முறை. ஸ்டுட்கார்ட் குழுவின் எஃப்எஸ்-24 ‘ஃபீனிக்ஸ்’ 1957இல் பறந்தபோது கண்ணாடி இழையால் ஆன முதல் கிளைடர் விமானம் பிறந்தது. பிரவுன்ஷ்வைக் குழு 1972இல் எஸ்பி-10இன் இறக்கையில் கார்பனைக் கொண்டுவந்தது. பெரிய விமான நிறுவனங்கள் கார்பனைத் தயங்கித் தயங்கித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

அமெரிக்காவில் பால் மெக்ரெடி 1956இல் கிளைடர் உலகப் போட்டியில் வென்றவர். மனிதன் மிதித்தே பறக்கும் விமானத்துக்கான கிரேமர் பரிசை 1977 ஆகஸ்ட் 23 அன்று அவருடைய ‘கோசமர் காண்டர்’ வென்றது. ரசாயனத்தில் அரித்துச் சுவரை மெலிதாக்கிய அலுமினியக் குழாய்கள்தான் அதன் எலும்புக்கூடு. அடுத்து ஆங்கிலக் கால்வாயைக் கடக்க வேண்டும் என்றபோது அலுமினியம் போதவில்லை. 1979 ஜூன் 12 அன்று பிரையன் ஆலன் மிதித்துக் கடந்த ‘கோசமர் அல்பட்ராஸ்’ கார்பன் குழாய்களால் ஆனது. ஏறக்குறைய 30 மீட்டர் இறக்கை, விமானத்தின் எடையோ 32 கிலோ மட்டும். ஆலன் சைக்கிள் ஓட்டுபவர், ஹேங் கிளைடர் பறப்பவர்.

1988 ஏப்ரல் 23 அன்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழுவின் மிதிவிமானமான ‘டீடலஸ்’, கிரீட் தீவிலிருந்து சான்டோரினி வரை 115 கிலோமீட்டர் பறந்தது. மிதித்தவர் கிரேக்க சைக்கிள் வீரர் கனெல்லோஸ் கனெல்லோபூலோஸ். கரையை நெருங்கியபோது எதிர்க்காற்று வீச்சில் வாலைத் தாங்கிய கார்பன் குழாய் முறிந்தது, அதைத் தொடர்ந்து இறக்கையும் போனது. விமானம் கடற்கரைக்குச் சில மீட்டர் தூரத்தில் தண்ணீரில் விழுந்தது. விமானி நீந்திக் கரையேறினார். கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் எந்தக் குறையும் காட்டாமல் உழைத்த குழாய் அது. கார்பன் குழாயின் குணத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை.

இனி, ஆசிரியரின் கண் இன்னும் கூர்மையாக வேலை செய்யும் இடம்: முனைகள். எந்தக் குழாயும் நடுவில் மட்டும் வாழ்வதில்லை, இன்னொன்றோடு இணைய வேண்டும். உலோகத்தில் துளை போட்டு ஆணி கோப்பது சகஜம். கார்பனில் துளை போட்டால் இழைகள் அறுபடுகின்றன. ஓரம் உரிந்து கிளம்பும். அந்த இடத்தில் கூடுதல் அடுக்குகள் கொடுத்துத் தடிமனாக்க வேண்டும், சுருட்டும்போதே அதைத் திட்டமிட வேண்டும். அலுமினிய இணைப்பு கார்பனை நேரடியாகத் தொட்டால் ஈரத்தில், அதிலும் உப்புக் காற்றில், அலுமினியம் அரிக்கத் தொடங்கும். இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம் போல ஆகிவிடுகின்றன. நடுவே ஒரு கண்ணாடி இழை அடுக்கு வைத்தால் தீர்ந்தது. கடற்கரைக் குன்றுகளில் கற்றுத்தருபவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இணைப்பைச் சுற்றி வெள்ளைப் பொடி பூப்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

அடுத்து, அடிபட்ட குழாயைக் கண்டுபிடிப்பது. அலுமினியம் அடிபட்டால் சொட்டை விழும், தெரியும். கார்பன் குழாயில் கல் ஒன்று பட்டால் வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். பறப்பதற்கு முன் முன்விளிம்பு நெடுகக் கையால் தடவிப் பார்ப்பதை மாணவருக்கு முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் முன்விளிம்புக் குழாய் துணிக்குள் இருக்கிறது. ஆகவே பலமாக இறங்கிய பிறகு துணியைக் கழற்றிக் குழாயை வெளியே எடுத்துப் பார்ப்பது, நாணயத்தால் தட்டி ஒலி மங்குகிறதா என்று கேட்பது எல்லாம் வழக்கம். இந்தப் பரிசோதனையைச் செய்கிறவர் ஒரு குழாயைத் தானே செய்யும் நாள் வந்தால், வெளி அடுக்கில் கண்ணாடி இழையோ அராமிட் இழையோ (கெவ்லார் வகை) சேர்க்கத் தோன்றும். அடிபட்டால் அது வெளுத்துக் காட்டிக்கொடுக்கும், உடைந்தாலும் சிம்புகள் தெறிக்காமல் பிடித்துவைக்கும். எடையில் சில கிராம் கூடும். போட்டிக்காரர் முணுமுணுப்பார், ஆசிரியர் ஏற்றுக்கொள்வார்.

இப்படி ஒருவர் புது முறை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்து வரும் சிக்கல் சட்டத்தைச் சார்ந்தது. பொருளுக்கான காப்புரிமை வேறு, செய்முறைக்கான காப்புரிமை வேறு. பொருளை யாராவது நகல் எடுத்தால் கடையில் வாங்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். குழாய் செய்யும் முறையை நகல் எடுத்தால்? முடிந்த குழாயை வைத்துக்கொண்டு அது எந்தப் பையால் அழுத்தப்பட்டது, எந்தத் தண்டு எப்படி உருவப்பட்டது என்று நிரூபிப்பது பெரும்பாடு. காப்புரிமை வாங்க வேண்டுமானால் முறையை முழுசாக எழுதி வெளியிட வேண்டும். பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு பாதுகாப்பு. வெளியிடாமல் பட்டறை ரகசியமாகவே வைத்துக்கொண்டால் காலவரை கிடையாது. ஆனால் இன்னொருவர் சொந்தமாக அதையே கண்டுபிடித்தால் தடுக்க வழியும் கிடையாது. பெரிய நிறுவனத்துக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். வார இறுதியில் மாணவர்களுக்குக் கற்றுத்தந்து, மற்ற நாட்களில் அடுப்பின் முன் நிற்கும் ஒருவருக்கு, ஒரு வழக்குச் செலவு பட்டறையையே விழுங்கிவிடும். கருவி செய்பவர்களோடும் கிளைடர் நிறுவனங்களோடும் உரிம ஒப்பந்தம் போட வேண்டுமானால் காப்புரிமை தேவை. தானே செய்து தானே விற்பவருக்கு ரகசியமே லாபம் என்பது என் எண்ணம்.

எந்த வழியில் போனாலும் குழாயைப் பறக்கவிடும் முன் உடைத்துப் பார்த்தாக வேண்டும். இரண்டு முனையிலும் தாங்கி வைத்து நடுவில் பாரம் ஏற்றி, எவ்வளவு வளைகிறது, கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். நுனியோடு நுனி அமுக்கி எங்கே முறிகிறது என்று பார்ப்பார்கள். நடுவில் முறிந்தால் சுவரின் குறை, முனையில் முறிந்தால் இணைப்பின் குறை. பிறகு குழாயிலிருந்து ஒரு வளையம் அறுத்து, வெட்டுமுகத்தை மெருகேற்றி நுண்ணோக்கியில் வைப்பார்கள். அடுக்குகள் வட்டமாக ஓடுகின்றனவா, எங்காவது அலை தெரிகிறதா, காற்றுக் குமிழ்கள் உண்டா, சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனா என்பது அதில் தெரிந்துவிடும். இன்னொரு துண்டைச் சூளையில் வைத்து ரெசினை மட்டும் கவனமாக எரித்து, மிஞ்சிய இழையை எடைபோட்டால் இழையும் ரெசினும் என்ன விகிதத்தில் சேர்ந்தன என்று கிடைக்கும். கண்ணாடி இழைக்கு இது சுலபம். கார்பன் அதிக வெப்பத்தில் தானும் எரியும் என்பதால், அமிலத்தில் ரெசினைக் கரைத்து எடுப்பதும் உண்டு. முறையில் எதை மாற்றினாலும், நாடாவின் இறுக்கமானாலும் அடுப்பு சூடேறும் வேகமானாலும், இந்தச் சோதனைகளை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.